மூலைவாட்டில் நூற்றுக்கு நூறு

சீராக்க வாரியத்தில் ஒரு காரியம் தப்பாக நடக்க வேண்டுமென்றாலும் அதற்குக் குறைந்தது மூன்று கையெழுத்து வேண்டும். சின்னவள் பாதி எழுதி வைத்துவிட்டு எழுந்து போன ஒரு வரிக்கு ஏழு கையெழுத்து கிடைத்தது. வாரியத்தின் சரித்திரத்திலேயே இவ்வளவு வேகமாக அங்கீகாரம் பெற்ற வேலை வேறு இல்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டில் அக்கா பெரியவள், இவள் சின்னவள். அலுவலகத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று மாத ஒப்பந்தத்தில் புரோகிராம் எழுத வந்தவளைவிடச் சின்ன ஆள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. அவளுக்கு ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, ஒரு கணினி, அதன் மேல் "தொடாதீர்" என்று ஒரு அட்டை. தொடாமல் எப்படி வேலை செய்வது என்று முதல் நாள் கேட்டாள். அட்டை மற்றவர்களுக்கு என்றார்கள். மற்றவர்கள் அந்த அட்டையைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஊரில் பன்னிரண்டு நலநிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் வருஷத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்ற எண்ணிக்கை வாரியத்துக்கு வரும். அதை ஒரு பெரிய தாளில் போடுவார்கள். நிலையத்துக்கு இடமிருந்து வலமாக ஒரு வரிசை. வந்த காரணத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு பத்தி: காய்ச்சல், காயம், இருமல், பிரசவம் என்று தொடங்கி நாய்க்கடி, பல்வலி உட்பட பதினொரு பத்திகள். புகார் சொல்ல மட்டும் வந்தவர்களுக்கும் ஒரு பத்தி உண்டு. கணக்குப் புத்தகத்தில் இப்படிப்பட்ட கட்டத்துக்கு அணி என்று பெயர். வாரியத்தில் பெரிய தாள் என்றால்தான் புரியும்.

சந்தையை ஒட்டிய நாலாம் எண் நிலையத்துக்கு வருஷத்தில் ஆறாயிரம் பேர் வருவார்கள். பஸ் கடைசியாக நிற்கும் மேட்டில் இருக்கும் ஏழாம் எண் நிலையத்துக்கு முந்நூறு பேர். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யானைக்குப் பக்கத்தில் ஆட்டை நிறுத்தின மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொரு வரிசையையும் அதனதன் கூட்டுத்தொகையால் வகுத்துவிட வேண்டும். வகுத்த பின் எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒன்று வரும். ஏழாம் எண்ணில் முந்நூறில் நூற்றிருபது பிரசவம். வகுத்தால் பூஜ்யம் புள்ளி நாலு. வருகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் பிள்ளை பெற வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். இதற்குச் சீராக்கல் என்று பெயர். வாரியத்தின் பெயர்ப் பலகைக்குக் காரணமே அதுதான். முப்பத்தெட்டு பேர் அதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புரோகிராமில் அது ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியில்தான் சின்னவள் சறுக்கினாள். பன்னிரண்டு கூட்டுத்தொகைகளையும் மேலிருந்து கீழாக நிறுத்தி வைத்தால் ஒவ்வொன்றும் தன் வரிசைக்கு நேராக நின்று அதை வகுக்கும். நிறுத்த மறந்து படுக்கப் போட்டுவிட்டால் அவை இடமிருந்து வலமாக நீட்டிக்கொண்டு பத்திகளின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிசைக்குப் பதில் பத்தியை வகுத்துத் தள்ளும். அவள் படுக்கப் போட்டுவிட்டாள். கணினி நல்ல கணினி. கூட்டுத்தொகை பன்னிரண்டு, பத்தி பதினொன்று, பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் சொல்லி நின்றுவிட்டது. ஒரு சொல் சேர்த்தால் போதும், அரை நிமிஷ வேலை.

அந்த அரை நிமிஷத்தில் பிரிவு அலுவலர் கூப்பிட்டார். எதைக் கொடுத்தாலும் மூன்று நகல் கேட்பதால் அவருக்கு நகல்காரர் என்று பெயர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள், நகல் எடுத்துவா என்றார். கீழ்த்தளத்தில் நகல் இயந்திரத்தின் முன் நின்ற கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது.

அதற்குள் இயக்குநர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டார். வாரியத்தின் திரையில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. நகல்காரர் செய்தியை வாசித்துக் காட்டினார். பன்னிரண்டும் பதினொன்றும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் சமமாக்கவே பிறந்த வாரியத்தில் வரிசையும் பத்தியும் சமமாக இல்லையா என்று இயக்குநர் கேட்டார். கேட்ட கையோடு, நின்ற இடத்திலேயே, பன்னிரண்டாவதாக ஒரு பத்தி சேர்க்க ஆணை பிறப்பித்தார். தலைப்பு: காரணமின்றி வந்தவர்கள். அதில் பூஜ்யம் போட்டால் கணக்கெடுக்கவில்லை என்று மேலிடம் நினைத்துவிடும் என்பதால் நிலையத்துக்கு ஒன்று வீதம் நகல்காரர் போட்டார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு எழுத்து மறைந்தது. நூற்று நாற்பத்துநாலு எண்கள் கொட்டின. அச்சடித்தார்கள், ஏழு பேர் கையெழுத்திட்டார்கள், பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார்கள்.

சின்னவள் நகல்களோடு மேலே வந்தபோது கைதட்டல் முடியும் தறுவாயில் இருந்தது. அது இன்னும் முடியாத வேலை என்று அவள் சொல்லப் பார்த்தாள். இயக்குநர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். ஒரு இயந்திரம் மறுத்ததை ஒரு நிர்வாகம் ஒரே ஆணையால் சாதித்திருக்கிறது என்றார். கணக்கு என்பது கெஞ்சுகிறவனுக்குத்தான் முறுக்கிக்கொள்ளும், கட்டளையிடுகிறவனிடம் வாலைச் சுருட்டிக்கொள்ளும் என்றார். சிறப்பாக உதவிய ஒப்பந்தப் பணியாளருக்கும் நன்றி என்று முடித்தார். அவள் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

அன்றே விசைப்பலகையைக் கழற்றி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அங்கீகாரம் பெற்ற வரியில் யாரும் கை வைத்துவிடக் கூடாதல்லவா? பெரிய தாளில் ஏதாவது மாறி, மறுபடி ஓட்ட வேண்டி வந்தால் மட்டும் பீரோ திறக்கும். இயக்குநரே வந்து ஒரே ஒரு பொத்தானை ஒரே ஒரு விரலால் அழுத்துவார்.

இதெல்லாம் வாரியத்துக்குள் நடந்த கூத்தாகவே முடிந்திருக்கும். பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது.

பெரியவள் ஏழாம் எண் நிலையத்தில் பிரசவ நர்ஸ். பதினாலு வருஷமாக அங்கேதான். மேட்டிலிருந்து அடுத்த பிரசவ அறைக்குப் போக பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதுவும் பஸ் வந்தால். ஊரிலேயே ஐந்து நிலையங்களில்தான் பிரசவ அறை. பிரசவம் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் அறை தேவையில்லை என்று வாரியம் முடிவு செய்து, நாலாம் எண்ணைத் தவிர மற்ற நாலையும் மூட உத்தரவு போட்டிருந்தது. அவள் அந்தக் கடிதத்தை போனில் படித்தாள். தங்கள் நிலையத்தில் பிரசவம் நூற்றுக்கு இரண்டு மட்டுமே என்று தெரியவருவதால், கட்டிலும் விளக்கும் மற்ற சாமான்களும் வரும் வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றப்படும்.

"நேத்து ஒரு நாள்ல மட்டும் ரெண்டு பிரசவம்டி," என்றாள் பெரியவள். "அப்ப மீதி வருஷம் நான் என்ன, கால் மேல கால் போட்டுப் படம் பாத்துக்கிட்டு இருந்தேனா?"

சின்னவள் பெரிய தாளின் நகலை எடுத்துப் பார்த்தாள். ஏழாவது வரிசையில் பிரசவம்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் இரண்டு. பிரசவம் நாலாவது பத்தி. அதன் தலையில் நாலாம் எண் நிலையத்தின் ஆறாயிரம் உட்கார்ந்திருந்தது. அக்காவின் நூற்றிருபது பிரசவத்தை முந்நூறால் வகுக்காமல், சந்தைக்காரர்களின் ஆறாயிரத்தால் வகுத்திருக்கிறது.

"அக்கா, அது நான் எழுதின வரி."

பெரியவள், சின்ன வயதிலிருந்தே இவளுக்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிற புத்தி என்று ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். இந்த மாதம் எட்டுப் பேருக்கு நாள் குறித்திருக்கிறது என்றாள். அதில் ஒருத்திக்கு இரட்டை. போனை வைக்குமுன், "வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி முடி," என்றாள். அவ்வளவுதான்.

சின்னவள் நேராக நகல்காரரிடம் போய்த் திருத்தப் படிவம் கேட்டாள். இருந்தது, நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில் தப்புச் செய்தியின் நகலை இணைக்கவும் என்று ஒரு கட்டம்.

"எங்கம்மா தப்புச் செய்தி?"

"இப்ப வரல சார். ரெண்டும் பன்னிரண்டா போயிட்டதால எங்க பொருந்தக் கூடாதோ அங்க பொருந்திப் போச்சு. செய்தி வராததுதான் பிரச்சினையே."

"வரலைன்னா தப்பு இல்லைன்னு அர்த்தம். தப்பு இருந்தா கணினி உங்ககிட்டயா சொல்லாம இருக்கும்? போன தடவை சொல்லிச்சா இல்லையா?"

சொல்லியது உண்மைதான். அந்தச் செய்தியின் நகலாவது கிடைக்குமா என்றாள். அது ஆணையால் ரத்து செய்யப்பட்ட செய்தி, அதை இணைக்க முடியாது என்றார். வெற்றுப் படிவத்தை வாங்கி, அதையும் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. சின்னவள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். சீராக்கல் சரியாக நடந்தால் ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் ஒன்று வர வேண்டும். நாலாவது வரிசையைக் கூட்டினால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஏழாவது வரிசை அரையைக்கூடத் தொடவில்லை. இதைவிட எளிதாக யாருக்கும் சொல்ல முடியாது.

இயக்குநர் கவனமாகக் கேட்டார். ஒரு பேனாவை எடுத்து இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் நாலாம் எண் நிலையத்துக்கு, ஒன்று எடுக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு எடுத்ததற்காகப் பாராட்டுக் கடிதம் போயிற்று. ஏழாம் எண் நிலையத்துக்கு, ஒன்றைக்கூட முழுசாக எட்ட முடியாததற்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று.

அவள் திரும்ப ஓடி வந்தாள். கூட்டுத்தொகைகள் நிற்க வேண்டிய இடத்தில் படுத்திருக்கின்றன என்று கையைச் செங்குத்தாகவும் கிடையாகவும் வைத்துக் காட்டினாள்.

"நின்னா என்ன, படுத்தா என்ன?" என்றார் இயக்குநர். "வகுத்தல் நடந்துதா இல்லையா? இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் உட்கார்ந்துக்கிட்டே வேலை பாக்குறாங்க. நான் யாரையாவது நிக்கச் சொல்றேனா?"

நாய்க்கடியையாவது பாருங்கள் என்றாள். நாய்க்கடி ஒன்பதாவது பத்தி. ஒன்பதாம் எண் நிலையம் ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு நாற்பது பேர்தான் போவார்கள். அந்த நாற்பதால் வகுத்ததில், நாலாம் எண் நிலையத்தின் இருநூறு நாய்க்கடி ஐந்தாக வந்திருந்தது. அதாவது அங்கே காலடி வைக்கிற ஒவ்வொருவரையும், பல்வலிக்காரர் உட்பட, ஐந்து நாய் கடித்திருக்கிறது. அப்படி நடக்குமா?

நடக்கக் கூடாது என்றுதான் அவரும் சொன்னார். அதனால்தான் சந்தைப் பக்கம் நாற்பது பேர் கொண்ட நாய்ப் படையை மூன்று நாள் முன்பே அனுப்பியிருந்தார். படை வலையோடு இரண்டு நாள் அலைந்து ஏழு நாயைப் பிடித்தது. ஆறாயிரம் பேரை ஐந்து தடவை கடிக்க ஏழு நாய் போதாது என்பதால், மீதி நாய்கள் பதுங்கியிருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தது. பதுங்குமிடங்களைத் தேட இன்னும் நாற்பது பேர் கேட்டிருந்தது.

பேச்சு நடக்கும்போது ஒன்றை மட்டும் சின்னவள் கவனித்தாள். மேஜை மேலிருந்த பெரிய தாளில் ஏழாவது பத்தியை இயக்குநர் உள்பக்கமாக மடித்து, மேலே கண்ணாடிக் குண்டு ஒன்றை வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறை அவ்வளவு எளிதில் மடியாது; அதற்காகவே மெனக்கெட்டிருக்கிறார். ஏழாவது பத்தி, புகார்.

புதன்கிழமை அவளுடைய வற்புறுத்தல் பொறுக்காமல் சரிபார்ப்புக் குழுவைக் கூட்டினார்கள். ஓய்வுபெற்ற மூன்று பேர். தலைவர் முன்னாள் நில அளவையாளர், அளவு விஷயத்தில் கறாரானவர் என்று பெயரெடுத்தவர். மூன்று பேரும் தங்கள் தங்கள் தலையணையை நாற்காலியில் போட்டு உட்கார்ந்தார்கள்.

நூற்று நாற்பத்துநாலு கட்டங்களையும் பார்ப்பது குழுவின் வயதுக்கு ஆகாது, பன்னிரண்டு பார்த்தால் போதும் என்று முதல் தீர்மானம் போட்டார்கள். எந்தப் பன்னிரண்டு என்பதில்தான் தலைவரின் கறார் வெளிப்பட்டது. ஒரு வரிசையில் இரண்டு கட்டம் பார்த்து இன்னொரு வரிசையை விட்டால் அந்த நிலையத்துக்கு மனம் நோகும். ஒரு பத்தியில் இரண்டு பார்த்து இன்னொன்றை விட்டால் அதுவும் பாரபட்சம். ஆகவே முதல் வரிசையில் முதல் கட்டம், இரண்டாம் வரிசையில் இரண்டாம் கட்டம், மூன்றில் மூன்று என்று இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை சாய்வாக இறங்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அந்தச் சாய்ந்த கோட்டில் மட்டும் வரிசை எண்ணும் பத்தி எண்ணும் ஒன்று. முதல் வரிசையின் முதல் பத்தியை முதல் நிலையத்தின் கூட்டுத்தொகை வகுத்திருக்கும், அது சரி. நாலாவது வரிசையின் நாலாவது பத்தியை நாலாம் நிலையத்தின் கூட்டுத்தொகை வகுத்திருக்கும், அதுவும் சரி. தப்பான தாளில் சரியாக இருக்கிற கட்டங்கள் அந்தப் பன்னிரண்டுதான். குழு விரல் வைத்தது அவற்றின் மேல்தான், ஒன்று விடாமல்.

மூன்று மணி நேரம் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டும் சரி. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி மூலைவாட்டில் நூற்றுக்கு நூறு வாங்கிய தாளைப் பார்த்ததில்லை என்றார்.

"ஐயா, ஒரே ஒரு கட்டம் பக்கத்துல தள்ளிப் பாருங்க," என்றாள் சின்னவள். "ஏழாவது வரிசையில நாலாவது."

"ஏழாவது வரிசையை ஏற்கெனவே பாத்தாச்சேம்மா. நாலாவது பத்தியும் பாத்தாச்சு. ரெண்டும் சரியா இருக்கும்போது, ரெண்டும் சந்திக்கிற இடம் மட்டும் எப்படித் தப்பாகும்?"

மற்ற இருவரும் ஆமோதித்தார்கள். ஒருவர் தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். பீரோவை உடைக்கலாமா என்றுகூட நினைத்தாள். உடைத்தால் வேலை போகும், புரோகிராமை யாராவது பழையபடி ஏற்றிவிடுவார்கள், லாரி எப்படியும் போகும். பத்தடி தள்ளி நகல்காரர் யாரோ ஒருவருடன் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர் பல் மருத்துவர் சங்கத்தின் செயலாளர். தாளில் பல்வலி நாய்க்கடிக்கு அடுத்த பத்தியில் இருப்பது பற்களின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று சங்கம் மனு கொடுத்திருந்ததாம். மனு அரை நாளில் நிறைவேறியிருந்தது. பல்வலி பத்தாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போய், காயம் பத்தாவதுக்கு வந்திருந்தது. சற்றுமுன் இயக்குநர் பொத்தானை அழுத்தியிருந்தார். புதுத் தாளின் நகல் மூன்றைச் செயலாளர் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

சின்னவள் நகல்காரரின் மேஜையிலிருந்து இன்னொரு நகலை இரவல் வாங்கினாள். பல்வலி எண்கள் எல்லாம் மாறியிருந்தன. நேற்று ஊரில் பாதிப் பேருக்குப் பல் வலித்தது. இன்று பத்தில் ஒருவருக்குக்கூட வலிக்கவில்லை. யாரும் ஒரு பல்லையும் பிடுங்கவில்லை, புரோகிராமில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்தியை இடம் மாற்ற எந்தப் படிவம் என்று நகல்காரரைக் கேட்டாள்.

பத்தி மரியாதைப் படிவம், ஒரு பக்கம்தான் என்றார். கணக்கு மாற்றம் என்றால் நாலு பக்கம், குழு, சாட்சி எல்லாம் வேண்டும். இது யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் உட்காருவது என்ற விஷயம்; வாரியத்துக்கு நன்றாகப் புரிந்த விஷயம்; அதனால் உடனே செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. இடத்தை விட்டுக்கொடுக்கிற பத்தியின் சங்கம் ஆட்சேபிக்கக் கூடாது. எந்தப் பத்தி, எதனுடன்?

பிரசவம், புகாருடன் என்றாள். நகல்காரர் பதிவேட்டைப் புரட்டினார். புகார்களுக்குச் சங்கம் இல்லை. ஆட்சேபணை இல்லை என்று தாமே எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவள் அந்த ஒற்றைப் பக்கத்தோடு இயக்குநரின் அறைக்குள் போனாள். பிரசவம் ஏழாவது பத்திக்கு வந்தால் அதன் தலையில் ஏழாம் நிலையத்தின் முந்நூறு உட்காரும். அக்காவின் கட்டத்தில் சரியான எண் வரும், புள்ளி நாலு. மற்ற நாலு பிரசவ அறைகளின் எண்ணும் முந்நூறு என்ற சின்ன எண்ணால் வகுபட்டு ஊதிப் பெருக்கும். யாருடைய கட்டிலையும் யாரும் தூக்க முடியாது. இதை அவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதனால் தாய்மைக்கு மரியாதை, ஏழு என்பது எடுப்பான எண் என்று ஏதோ மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள்.

இயக்குநர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். படிவத்தைப் படித்தார். பிறகு கண்ணாடிக் குண்டை எடுத்துவிட்டு, மடித்து வைத்திருந்த பத்தியை மெல்ல விரித்தார். நாலாம் எண் நிலையத்துக்கு நேரே புகார் இரண்டு என்று இருந்தது. வருகிற ஆள் ஒவ்வொருவரும் இரண்டு புகார் சொல்கிறார் என்று அர்த்தம். மேலிடம் இதற்கு மூன்று தடவை விளக்கம் கேட்டிருக்கிறது என்றார். உறை போட்ட தாளைத் தப்பு என்று சொல்லவும் முடியாது, சரி என்று சொல்லவும் முடியாது, பத்து நாளாகத் தூக்கமில்லை.

"புகார் நாலாவதுக்குப் போனா," என்றார் மெதுவாக, "தலையில ஆறாயிரம் உட்காரும். இல்லையா?"

சின்னவள் நாற்காலியை அவர் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முந்நூறால வகுத்தது ஆறாயிரத்தால வகுபடும். இருபதுல ஒரு பங்கு. ரெண்டு இருந்த இடத்துல புள்ளி ஒண்ணு. மத்த நிலையத்துலயும் அதே மாதிரி." ஒரு காகிதத்தின் ஓரத்தில் வகுத்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். "ஆறாயிரத்தைவிடப் பெரிய நிலையம் வேற ஏதும் இல்லையேம்மா?"

"சார்," என்றாள். "உங்களுக்கு இது முதல்லயிருந்தே புரிஞ்சுதா?"

"புரியாம என்ன. கணக்குல பட்டம் வாங்கினவன் நான்." அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். "புரிஞ்சதா ஒத்துக்கிட்டா ஏழு கையெழுத்தும் தப்புன்னு ஆகும். அதுல ஒண்ணு என்னோடது. புரியலைன்னா ஒருத்தரையும் ஒண்ணும் கேக்க முடியாது பாரு."

"அப்ப மேட்டுல இருக்கற பொம்பளைங்க சார்? எட்டுப் பேரு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் லாரி அனுப்புறீங்களா?"

"நீ நேத்து வரைக்கும் என்கிட்ட என்னைக்காவது எனக்கு உபயோகமா ஒரு வார்த்தை சொன்னியா? தப்பு, தப்புன்னே வந்து நின்னே." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னைக்குத்தான் ஒரு அதிகாரி மாதிரி யோசிச்சிருக்கே."

அவள் வாழ்க்கையில் அவளை யாரும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. அந்தப் படிவத்தைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அதில் கையெழுத்து விழுந்தால் ஊரில் யார் எவ்வளவு கத்தினாலும் இருபதில் ஒரு பங்குதான் மேலே கேட்கும். மருந்து இல்லை, டாக்டர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்று மணிக்கணக்கில் காத்திருந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களின் வாயை அவள்தான் அடைக்கிறாள். கிழித்தால் நாளை லாரி.

அவள் படிவத்தை அவர் பக்கமாக நகர்த்தினாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்தும் காட்டினாள்.

பதினொரு மணிக்குப் பீரோ திறந்தது. இயக்குநர் வந்து ஒரு விரலால் அழுத்தினார். மத்தியானம் நடந்த கூட்டத்தில், ஒரே ஒரு சீர்திருத்தத்தால் ஊரின் புகார்கள் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன என்று அறிவித்தார். நாலாம் எண் நிலையத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்று பிரசவம் நடக்கிறது என்ற புள்ளிவிவரத்தையும் வாசித்தார். ஆண்கள் உட்பட எல்லாரும் கைதட்டினார்கள். சரிபார்ப்புக் குழுவை மறுபடி கூட்டினார்கள். மூலைவாட்டில் இந்தத் தடவையும் நூற்றுக்கு நூறு. பிரசவ அறைகளை மூடும் உத்தரவு ரத்தாயிற்று. அதற்கு மூன்று நகல் எடுத்து அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் சின்னவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு அடித்தது.

லாரி ஏழு மணிக்கே வந்துவிட்டதாம். ரத்து உத்தரவு தபாலில் வந்துகொண்டிருந்ததாம். லாரிக்காரரும் கூட வந்த இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கப் போனபோது, அதில் ஒருத்தி ஏற்கெனவே படுத்திருந்தாள். அவளோடு சேர்த்து ஏற்றச் சொல்லி உத்தரவு இல்லாததால் மூன்று பேரும் வெளியே உட்கார்ந்தார்கள். பிறகு பெரியவள் அவர்களை வெந்நீர் போட அனுப்பினாள். தபால்காரர் வந்தபோது லாரிக்காரர் இரண்டாவது பாத்திரம் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாராம்.

"பொண்ணு," என்றாள் பெரியவள். "ரெண்டே முக்கால் கிலோ. அம்மாவும் நல்லா இருக்கா. நீ வரியை எழுதி முடிச்சிட்டியா?"

"இல்லக்கா. வரி அப்படியேதான் இருக்கு. பத்தியை மாத்தினேன்."

என்ன மாற்றினாள், எதற்குப் பதிலாக எது போயிற்று என்று முழுவதையும் சொன்னாள், இயக்குநர் சொன்னதையும் விடாமல். போன வருஷம் மட்டும் தன் நிலையத்தில் ஆறு பேர் புகார் எழுதிக் கொடுத்தார்கள், அதில் நாலு பேரை எழுதவைத்ததே தான்தான் என்றாள் பெரியவள். இனி அதற்கெல்லாம் இருபது மடங்கு எழுத வேண்டும், அவ்வளவுதானே? மேட்டில் இருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை. வருகிறவர்கள் எல்லாருடைய கையிலும் ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்தால் போகிறது.

சின்னவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றரை நிமிஷம் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பின்னாலிருந்து குழந்தை வீரிட்டது. லாரிக்காரர் யாரிடமோ பயந்த குரலில் ஏதோ கேட்டார்.

"சரி, அதே தபால்ல புதுப் பதிவேடும் வந்திருக்கு," என்றாள் பெரியவள். "இவளை எந்தப் பத்தியில எழுத?"

"ஏழாவதுலக்கா. மறந்துபோய் பழைய நாலாவதுல எழுதிடாதே. அது இப்ப புகார்."

பெரியவள் போனைக் குழந்தையின் பக்கம் பிடித்தாள் போலிருக்கிறது. காது அடைத்துப் போகிற மாதிரி கேட்டது. பிறகு அவளுடைய குரல், பேனாவை எடுக்கிற சத்தத்தோடு வந்தது.

"இது கத்துற கத்தலைப் பாத்தா ரெண்டுலயும் எழுதணும் போலத்தான்டி இருக்கு."